அம்மாவின் பத்து விநாடிக்கு ஒரு பெட்டி

1

மூன்று சனிக்கிழமைகளாக ஒரே கடைக்குப் போய், ஒரே அலமாரியின் முன்னால் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறித் திரும்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜமீலாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை தடவை போகமாட்டார்கள் என்றாள். அவளுக்கு ஊர் உத்தமபாளையம், எனக்குக் கம்பம். இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. மற்றதெல்லாம் மாறிப் போனாலும் எங்கள் சண்டை மட்டும் இன்னும் ஊர்ப் பேச்சிலேயே நடக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது டிவிடி ரெக்கார்டர். வெறும் டிவிடி போட்டுப் படம் பார்க்கிற பெட்டி இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரி இதற்குள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. டிவியில் வருவதையோ பழைய வீடியோ கேசட்டையோ முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளலாம். பிறகு வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டியதை மட்டும் டிவிடியாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், எத்தனை டிவிடி வேண்டுமானாலும் போடலாம்.

அந்த 'ஒரு தடவை'தான் எனக்கு முக்கியம். என்னிடம் இருந்த கேசட் ஒரு தடவைக்கு மேல் ஓடும் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. அதற்குள் என் அம்மா இருந்தார்கள். மொத்தமே பத்து விநாடி. அதை விட்டால் அம்மாவின் முகத்துக்கு ரேஷன் கார்டில் ஒரு ஃபோட்டோ இருக்கிறது, அதிலும் பாதி முகத்தில் சீல் விழுந்திருக்கிறது.

2

இந்த ஊரில் நான் ஒரு கிடங்கில் பழப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். திராட்சைப் பெட்டி வரும்போதெல்லாம் எந்த நாட்டுப் பழம் என்று பார்ப்பேன், நம்ம கம்பத்துத் திராட்சை ஒரு நாளும் வந்ததில்லை. ஜமீலா நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையில்தான் நாங்கள் வந்தோம். என் விசாத் தாளில் எனக்கு உள்ள ஒரே தகுதி, 'சார்ந்திருப்பவர்'. முதல் தடவை அதைப் படித்தபோது சுருக்கென்றது. இப்போது பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

கம்பத்தில் நான் யாரையும் சார்ந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு வீடியோ கடை இருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய தோள் கேமரா ஒன்று, இரண்டு விளக்கு, கேசட் போடுகிற டெக் இரண்டு. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். என் கேசட்டுகளுக்கு ஒரு மவுசு இருந்தது, காரணம் என் மிக்ஸிங். கல்யாண வீட்டுச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுப்பேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினால் ஒரு பாட்டு, மாலை விழுந்தால் ஒரு பாட்டு, சாப்பாட்டுப் பந்திக்குக்கூடப் பாட்டுதான். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கல்யாண கேசட்டில் மனிதர்கள் வாயசைப்பார்கள், பேச்சு கேட்காது. கேட்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

தொண்ணூற்றேழில் என் அக்கா ரஹ்மத்துக்குக் கல்யாணம். பெண்கள் பக்கத்துக்கு வெளியாள் கேமரா தூக்கிக்கொண்டு வருவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் வீட்டுப் பிள்ளை எடுக்கட்டும், இல்லையென்றால் வீடியோவே வேண்டாம். வீட்டுப் பிள்ளை என்றால் நான்தான். ஒரே அக்காவின் கல்யாணத்தில் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். மூன்று மணி நேரம் ஓடுகிற அந்தக் கேசட்டில் ஊர் முழுக்க இருக்கிறது. நான் மட்டும் இல்லை.

அந்தக் கேசட்டில்தான் அம்மாவின் பத்து விநாடி. அக்கா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா ஒரு பக்கமிருந்து வந்து, நேராகக் கேமராவைப் பார்த்து, ஏதோ பேசுகிறார்கள். வலது கை கேமராவை நோக்கி எழும்புகிறது. உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு ஜோரான பாட்டு, நான் போட்டதுதான்.

எல்லாருமாக உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா சொல்லுவாள், அம்மாவுக்குப் படம் பிடித்தாலே ஆகாது, எடுக்காதே எடுக்காதே என்று கையைக் காட்டுகிறார்கள் பார் என்று. எல்லாரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பார்கள். அம்மா கூச்சக்காரி என்பது எங்கள் வீட்டில் முடிவாகிப் போன விஷயம்.

3

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா மவுத்தானபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா நீட்டிக்க அனுப்பி ஏழு வாரமாகியிருந்தது. அந்த அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, நடுவில் பியானோ வாசித்தார்கள். கடைசியில் வந்த பெண் நல்லவள்தான். இறப்புச் சான்றிதழை ஃபேக்ஸ் செய்தால் அவசரமாகப் பார்ப்பதாகச் சொன்னாள். எங்களில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவசரத்தில் வார்த்தை மாறி, 'அம்மா இன்றைக்குக் கிளம்புகிறார்கள்' என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அம்மாவையே இங்கே வரவழைக்கலாமே என்று அவள் கேட்டாள். ஃபோனை வைத்துவிட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது என்று அக்கா வீட்டு மச்சான் ஃபோன் செய்தார்.

இந்த வருஷம் அக்காவின் கல்யாணத்துக்குப் பத்து வருஷம். அவள் பிள்ளைகள் கேசட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். டெக் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்தால் உள்ளே டேப் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். இதைப் போட்டால் எங்கள் டெக் பாழாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தாள்.

"நீ எடுத்ததுதான, நீயே டிவிடியாப் போட்டு அனுப்பு. அம்மா மொகத்தப் பாக்கணும் போல இருக்குடா."

பூஞ்சை எவ்வளவு என்று கேட்டேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கும், இரண்டு நாளாக மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டிருக்கிறேன் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. வெயில் பட்டால் டேப் சுருண்டுவிடும் என்று கத்தினேன். மிளகாய் வத்தலில் பூஞ்சை பிடித்தால் வெயிலில் போட்டால் போகிறது, இதற்கு மட்டும் போகாதா என்று அவளும் திருப்பிக் கத்தினாள். கீழே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வெகுநேரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஜமீலாவோடு வேலை பார்க்கும் பீனாவுக்குக் குமுளி. அவள் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். அக்கா கம்பத்திலிருந்து ஜீப் ஏறி மலைக்கு மேலே போய், தனக்குத் தெரிந்த மலையாளத்தில் பீனாவின் அம்மாவிடம் கேசட்டின் கதையையே சொல்லி அழுதுவிட்டு, கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பூத்துவாலையில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டி, கேசட் இங்கே வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது ஓரம் லேசாக வளைந்திருந்தது.

4

கடையில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எண்பது ஜிபி, நூற்று அறுபது ஜிபி, இருநூற்று ஐம்பது ஜிபி. சிலதில் ஒரு வகை டிஸ்க் மட்டும் ஓடும், சிலதில் எல்லா வகையும் ஓடும். இங்கே எழுதிய டிஸ்க்கை ஊர்ப் பெட்டியில் போட வேண்டுமானால் கடைசியில் 'ஃபைனலைஸ்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்த மறந்தால் கம்பத்தில் அது வெறும் கண்ணாடித் தட்டு. இதையெல்லாம் மூன்று வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் ஆளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஜமீலாவுக்கு அவள் டியூட்டியில் இருக்கும்போது வருகிற தமிழ் சீரியலைப் பதிந்துவைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஒன்பது வயது மகள் ஷிஃபாவுக்கு எதுவும் வேண்டாம், பார்க்க அசிங்கமாக இல்லாமல் இருந்தால் போதும்.

கடைசியில் நான் பார்த்துவைத்தது கேசட் போடுகிற வாயும் கூடவே இருந்த ஒரு தடிமனான பெட்டி. தனி டெக்கிலிருந்து வயர் போட்டு ஏற்றினால் கொஞ்சம் தெளிவு போகும். ஒரே பெட்டிக்குள் கேசட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு நேராக ஏற்றினால் போகாது. இதை விற்பனையாளரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே, இதெல்லாம் வழக்கொழிந்துவிட்டது, இன்னும் மெலிதான புதுசு இருக்கிறது என்று வேறொன்றைக் காட்டினார். என்னிடம் இருப்பதும் வழக்கொழிந்ததுதான் என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அதையே எடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

இந்த நாட்டில் டிவி பார்க்க லைசென்ஸ் வேண்டும். ரெக்கார்டர் வாங்கினாலும் கடைக்காரர் பெயரும் விலாசமும் வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். என் பெயர் சிக்கந்தர், அத்தா பெயர் காதர். இங்கே வந்த நாளிலிருந்து எல்லாத் தாளிலும் நான் மிஸ்டர் காதர். ஊரில் அத்தா பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அத்தாதான் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே நான் திரும்பிப் பார்க்கிறேன். பில்லிலும் அப்படியே போட்டார். சிக்கந்தர் என்று என்னை வாய் நிறையக் கூப்பிட இந்த ஊரில் ஜமீலாவைத் தவிர ஆளில்லை, அவளும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை.

5

அடுத்த சனிக்கிழமை காலை. ஜமீலா டியூட்டிக்குப் போய்விட்டாள். மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றினேன். ஆறு வருஷமாகத் தொடாத வேலை, கை மறக்கவில்லை. மெல்லிய துணியில் டேப்பைப் பிடித்து, பூஞ்சையைத் துடைத்துத் துடைத்து, ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கையாலேயே சுற்றினேன். மூன்று மணி நேர டேப்பை முழுதும் சுற்றி முடிக்க மதியமாகிவிட்டது. திருகுகளைப் போட்டு, பிஸ்மி சொல்லி, பெட்டியின் வாயில் தள்ளினேன். ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றுகிற பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

படம் வந்தது. கோடு கோடாக விழுந்தாலும் வந்தது. ஆனால் பாட்டு வரவில்லை.

நான் ஆரம்பத்தில் போட்ட பாட்டு எனக்கு மனப்பாடம். அதற்குப் பதிலாகக் கரண்டி அண்டாவில் மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை அழுதது. தண்ணீர் எங்கே என்று யாரோ ஆண்குரல் கேட்டது. தாறுமாறாக ஏதோ பழுது என்று நினைத்து ரிமோட்டைத் தேடினேன். டேப்பை நிறுத்தவும் பயம், நிறுத்தினால் மறுபடி ஓடாமல் போகலாம். கூடவே வந்த கையேட்டைப் புரட்டினேன். அப்போதுதான் விளங்கியது.

வீடியோ கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதியுமாம். டேப்பின் ஓரத்தில் ஒரு கோடாக ஒன்று, படத்துக்கு அடியிலேயே இன்னொன்று. அந்த வளைகுடாக் கேமரா இரண்டு இடத்திலும் பதிந்திருக்கிறது. அதன் கையேடு அரபியில் இருந்ததால் எனக்கு அது தெரியாது. நான் பாட்டுப் போட்டது ஓரத்துக் கோட்டில் மட்டும். எங்கள் ஊர் டெக்குகள் எல்லாம் அந்த ஓரத்தை மட்டும் படிக்கிற சாதாரண டெக்குகள். இந்தப் புதுப் பெட்டி படத்துக்கு அடியில் இருப்பதைப் படிக்கிறது. மற்ற வீடுகளுக்கு நகல் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரிஜினல் கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவேன். அக்காவுக்கு மட்டும் பிரியத்தில் ஒரிஜினலையே கொடுத்தேன். பத்து வருஷமாக அந்தக் கல்யாண வீடு என் பாட்டுக்கு அடியில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்படியென்றால் அம்மாவும் பேசுவார்கள். அந்த இடம் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் டேப் அறுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. ஷிஃபா தட்டில் ரொட்டியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். நன்னி வரப் போகிறார்கள், பேசப் போகிறார்கள் என்றேன். என் அம்மாவை, அவளுடைய நன்னியை, அவள் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில். ஓகே என்றாள்.

அக்கா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு பக்கமிருந்து வந்தார்கள். நேராக என்னைப் பார்த்தார்கள். கை எழுந்தது.

"ஏலே சிக்கந்தரு, எல்லாரையும் நீ எடுக்குற. ஒன்னய யாருடா எடுப்பாக? குடு இங்கன, எப்டிப் புடிக்கணும்னு சொல்லு, நாம் புடிக்கிறேன். நீ போயி அக்கா பக்கத்துல செத்த ஒக்காரு."

உடனே இன்னொரு குரல். மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் அறையே அதிர்கிற மாதிரி வந்தது.

"தள்ளிப் போம்மா அங்கிட்டு, மறைக்குது. ஒனக்கு என்ன தெரியும் இதப் பத்தி."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

யார் அந்த ஆள், ஏன் நன்னியை அப்படி அதட்டுகிறார் என்று ஷிஃபா ஆங்கிலத்தில் கேட்டாள். கேமராக்காரர் என்றேன். மோசமான ஆள் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். கீழே யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

6

கேசட் முழுசும் ஏறி முடிந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது டேப் இரண்டு இடத்தில் கசங்கியிருந்தது, இனிமேல் ஓடாது. ஆனால் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. இந்தப் பெட்டியில் வேண்டாததை வெட்டி எறியலாம் என்று சொன்னேன் அல்லவா. வெட்ட வேண்டிய இடத்தின் தொடக்கத்தைக் காட்ட வேண்டும், முடிவைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அம்மா பேசி முடித்த இடத்தைத் தொடக்கமாகக் காட்டினேன். நான் பேசி முடித்த இடத்தை முடிவாகக் காட்டினேன். நாலு விநாடி. உறுதியாக நீக்கவா என்று பெட்டி கேட்டது. நீக்கிவிட்டால் அக்காவுக்குத் தெரியாது, அவள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

அம்மா சத்தம் இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அம்மா கேமராவைக் கேட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியும்டா. நாந்தான பக்கத்துல ஒக்காந்திருந்தேன்."

அப்படியானால் ஏன் இத்தனை வருஷமாக அம்மாவுக்குப் படம் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"அம்மாதான் அப்டிச் சொல்லச் சொன்னாக. அவன் என்னமோ வேலை அவசரத்துல சொல்லிட்டான், கேட்டா சங்கடப்படுவான், அவன்ட்டக் காட்டிக்கிராதனு சொன்னாக."

ஃபோனை டிவி பக்கத்தில் வை, நான் கேட்கிறேன் என்றாள். வைத்தேன். அம்மா பேசினார்கள். ரிமோட்டில் நிறுத்துவதற்குள் நானும் பேசிவிட்டேன். அக்கா அழுதுகொண்டே இன்னொரு தடவை வை என்றாள். மறுபடி அம்மா கேட்டார்கள், மறுபடி நான் தள்ளிப் போகச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அப்படியே. ஒரு தடவை சொன்னதை அன்றைக்கு மூன்று தடவை சொன்னேன். நீ பேசுவதையும் சேர்த்தே போட்டு அனுப்பு, அந்த வீட்டில் உன் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை வைத்தாள்.

வெட்டவில்லை. டிவிடி போட்டு, மறக்காமல் ஃபைனலைஸ் செய்து, தபாலில் அனுப்பிவிட்டேன். உறையின் மேல் அனுப்புநர் பெயர் சிக்கந்தர் என்றே எழுதினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் கடைக்குப் போவதில்லை. ஜமீலா டியூட்டியில் இருப்பாள், ஷிஃபா தோழி வீட்டில் இருப்பாள். நான் பெட்டியைப் போடுவேன். பழகப் பழக என் கைக்கு இடம் தெரிந்துவிட்டது, நான் வாய் திறப்பதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடுகிறேன். கேசட்டில் நிறுத்தினால் படம் நடுங்கும், கொஞ்ச நேரத்தில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் படம் நடுங்குவதில்லை. அம்மா என்னைப் பார்த்தபடி, கேமராவைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு, அப்படியே நிற்கிறார்கள்.